தாழ்ப்பாளை எடுத்தவன்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் இதைச் சொல்லி முடிக்க மாட்டேன், அதனால்தான் கடிதம்.

போன வருஷம் டவுன்ஸ்வில்லுக்கு வந்தபோது என்னை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாய். பண்டோரா கப்பலின் அணியத்தை, அதான் முன்பகுதியை, முழு அளவில் கட்டி நிறுத்தியிருந்தார்களே, அதன் முன்னால் நான் வெகுநேரம் பேசாமல் நின்றேன். "கால் வலிக்குதாப்பா?" என்று கேட்டாய். கால் வலி இல்லை, கண்ணு. ஊருக்கு வந்தபின் அந்தக் கப்பலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1779-இல் தேம்ஸ் நதிக்கரையில் டெப்ட்ஃபோர்டில் கட்டி இறக்கிய கப்பல். 24 பீரங்கி வைத்த சின்னப் போர்க்கப்பல், ஃபிரிகேட் என்பார்கள். அமெரிக்க விடுதலைப் போர் நடந்த காலம். சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக அட்லாண்டிக்கில் ஓடியது. 1783-இல் போர் முடிந்ததும் சாத்தம் துறையில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். ஏழு வருஷம் சும்மா கிடந்தது. அதற்குப் பிறகு வந்த ஒரே ஒரு பயணத்துக்காகத்தான் இன்றைக்கும் அதன் பெயர் நிற்கிறது.

பவுண்டி என்ற இங்கிலாந்துக் கடற்படைக் கப்பலில், கிறிஸ்டியன் என்பவன் தலைமையில் மாலுமிகள் கலகம் செய்தது 1789 ஏப்ரலில். கேப்டன் பிளையையும் 18 பேரையும் ஒரு திறந்த படகில் இறக்கி நடுக்கடலில் விட்டுவிட்டார்கள். அவர்கள் திமோர் வரைக்கும் போய்ப் பிழைத்தார்கள். பிளை லண்டன் திரும்பியதும், கலகக்காரர்களைப் பிடித்து வர பண்டோராவை அனுப்பினார்கள். கேப்டன் எட்வர்ட் எட்வர்ட்ஸ். முன்பு அவர் இருந்த கப்பலிலேயே கலகத்துக்குச் சதி நடந்து, ஆட்களைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பயம் மனசில் கிடந்த மனிதர். கல் நெஞ்சுக்காரர் என்று மட்டும் சொல்லி அவரைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

1791 மார்ச் 23-ஆம் தேதி தாஹித்தி வந்தார்கள். தீவில் இருந்த பவுண்டி ஆட்கள் 14 பேரையும் பிடித்தார்கள். சிலர் தாங்களாகவே கப்பலைத் தேடி வந்தவர்கள். நாலு பேரைக் கலகக்காரர்கள் வலுக்கட்டாயமாக நிறுத்திக்கொண்டார்கள் என்று பிளையே சொல்லியிருந்தார். அதில் ஒருவன் கண் சரியாகத் தெரியாத பிடில்காரன். அவனுக்கும் விலங்குதான்.

பின்மேல்தளத்தில் ஒரு மரக்கூண்டு அடித்தார்கள். 18 அடி நீளம், 11 அடி அகலம். நம் வீட்டு முன்னறையை நினைத்துக்கொள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதில் 14 பேர், கையிலும் காலிலும் இரும்பு. உள்ளே போக வர மேலே ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்கு மூடி, மூடிக்கு வெளியில் தாழ்ப்பாள். காற்று இல்லாத நேரத்தில் அவர்களுடைய வியர்வை ஓடித் தளத்து வடிகால் வரைக்கும் போனதாம். இதை எழுதிவைத்தவர் உள்ளே கிடந்த மாரிசன்.

மூணு மாசம் தீவு தீவாகத் தேடியும் கிறிஸ்டியனும் மற்றவர்களும் சிக்கவில்லை. அவர்கள் பிட்கெய்ர்ன் என்ற தீவில் இருந்தார்கள். ஆகஸ்டில் வனிகோரோ தீவைக் கடந்தபோது புகை தெரிந்திருக்கிறது. ஓடி ஒளிந்தவன் புகை போட்டுக் காட்டிக்கொடுத்துக்கொள்ள மாட்டான் என்று எட்வர்ட்ஸ் நிற்காமல் போய்விட்டார். மூணு வருஷம் முன்பு லா பெரூஸ் என்ற கடலாய்வாளரின் பிரெஞ்சுக் கப்பல்கள் உடைந்தது அந்தத் தீவில்தான். உயிரோடு இருந்த யாராவது மூட்டிய புகையாக இருக்குமோ என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

ஆகஸ்ட் 28 இரவு பண்டோரா உங்கள் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறையில் மோதியது. பம்ப் அடிக்க மூணு கைதிகளை மட்டும் வெளியே எடுத்தார்கள். மற்றவர்கள் பயத்தில் விலங்கை உடைத்துக்கொண்டார்கள், மறுபடி பூட்டச் சொன்னார் கேப்டன். விடிகிற நேரம் கப்பல் சாய்ந்துவிட்டது. விலங்கு கழற்ற ஒருவனை உள்ளே இறக்கினார்கள். அவன் வேலை முடியுமுன்னே மேலே மறுபடி தாழ்ப்பாள் விழுந்தது.

அப்போதுதான் வில்லியம் மோல்ட்டர் வருகிறான். போசன் மேட், அதாவது தளத்து வேலைகளைக் கவனிக்கும் போசனுக்கு உதவியாள். நான் பார்த்த வேலையைச் சேர்ந்தவன். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கூண்டின் மேல் ஏறியவன், உள்ளே கத்துவதைக் கேட்டிருக்கிறான். உங்களைத் திறந்துவிடுவேன், இல்லையென்றால் உங்களோடு அடியில் போவேன் என்று சொன்னானாம். தாழ்ப்பாளை இழுத்தான். இழுத்ததோடு விடவில்லை, மூடியைத் தூக்கிக் கடலில் எறிந்தான். யாரும் இனி அதை மூட முடியாது பார்.

31 மாலுமிகளும் நாலு கைதிகளும் செத்தார்கள். பத்துக் கைதிகள் பிழைத்தார்கள். மணல்திட்டில் ஒண்டியபோது, வெயிலுக்குப் போர்த்த ஒரு பழைய பாய்த்துணிகூடத் தராததால் அவர்கள் கழுத்துவரை மணலில் புதைந்து கிடந்தார்கள். அப்புறம் நாலு படகில் திமோர். இங்கிலாந்தில் விசாரணை நடந்து கடைசியில் மூணு பேரைத் தூக்கில் போட்டார்கள். கப்பலை இழந்த வழக்கில் எட்வர்ட்ஸ் விடுதலை.

1977-இல் கப்பலைக் கடலடியில் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த மூணு பேருடைய எலும்புகளுக்கு டாம், டிக், ஹாரி என்று பெயர் வைத்தார்களாம். நம் ஊரில் குப்பன், சுப்பன் என்பது போல. யார் பெற்ற பிள்ளைகளோ.

சரி, நான் ஏன் அங்கே நின்றேன் என்று சொல்கிறேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீ பிறப்பதற்கு முன்பு, நான் போசனாக இருந்த ஒரு கப்பலில் ரெண்டு பையன்கள் ஒளிந்து ஏறிவிட்டார்கள். பதினாறு, பதினேழு வயசு இருக்கும். முன்பக்கம் கயிறு வைக்கும் அறையில் அடைக்கச் சொன்னார்கள். பூட்டினது நான், சாவி என் இடுப்பில். அன்று ராத்திரி காற்று பிடித்து அணியத்தில் தண்ணீர் ஏறி ஏறி அடித்தது. அவர்கள் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள். கையால் தட்டி, அப்புறம் காலால் உதைத்து, அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. நான் கதவுக்கு வெளியே சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு உத்தரவு வரட்டும் என்று நின்றேன். விடிந்துதான் வந்தது. திறந்தால், ரெண்டு பேரும் முழங்கால் தண்ணீரில் ஒருவனை ஒருவன் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

அவன் திறந்தான், நான் திறக்கவில்லை. அதை நினைத்துத்தான் நின்றேன்.

பண்டோரா கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல்திட்டுக்கு மோல்ட்டர் கே என்று அவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆராய்ச்சிப் படகு என்றைக்காவது வடக்கே அந்தப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து அனுப்பு. வெறும் மணல்தான் தெரியும், பரவாயில்லை.

அம்மா கருவாடு காயவைத்திருக்கிறாள். உங்கள் ஊர் கஸ்டம்ஸில் விடுவார்களா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா