காந்தஹாரையும் மிசோரமையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். "ஆயுதம் தூக்கியவனோடு அரசாங்கம் பேசவே கூடாது" என்று சொன்னீர்கள். காந்தஹாரைச் சாட்சிக்கு இழுத்தீர்கள். 1999 டிசம்பரில் கடத்தப்பட்டு ஆப்கானிஸ்தானின் காந்தஹாரில் நிறுத்தப்பட்ட விமானத்தின் பயணிகளை மீட்க, நம் சிறையில் இருந்த தீவிரவாதி மசூத் அசாரை விடுவித்தோம். அடுத்த ஆண்டே அவர் ஜெய்ஷ்-இ-முகமது என்ற பயங்கரவாத இயக்கத்தைத் தொடங்கினார். உங்கள் கோபம் நியாயமானது, எனக்கும் அது உண்டு. ஆனால் அங்கே நடந்தது பயணிகளின் கழுத்தில் கத்தியை வைத்து நடத்திய பேரம். அரசியல் பேச்சுவார்த்தை எப்படி இருக்கும் என்பதற்கு மிசோரமைப் பாருங்கள்.

இன்றைய மிசோரம் அப்போது அசாமுக்குள் இருந்த மிசோ மலைப்பகுதி. 1959இல் அங்கே மூங்கில் பூத்தது. அதன் விதைகளைத் தின்று பெருகிய எலிகள் வயல்களை அழிக்க, பஞ்சம் வந்தது. அசாம் அரசு அலட்சியமாக இருந்தது. பஞ்ச நிவாரணத்துக்காகக் கிளம்பிய லால்டெங்காவின் அமைப்பு, 1961இல் மிசோ தேசிய முன்னணியாக மாறியது. 1966இல் ஆயுதக் கிளர்ச்சி, தனிநாட்டுப் பிரகடனம். அந்த மார்ச் மாதம் நம் விமானப்படையே ஐஸால் நகரின்மீது குண்டு வீசியது. அடுத்த ஆண்டு முதல் கிராமம் கிராமமாக மக்களைக் கிளப்பி, சாலையோரக் குடியிருப்புகளில் கொண்டுவந்து அடைத்தார்கள். அப்படியும் கிளர்ச்சி அடங்கவில்லை.

முன்னணியின் கொடுமையையும் சொல்லத்தான் வேண்டும். 1975 ஜனவரியில் ஐஸால் காவல்துறைத் தலைமையகத்துக்குள் புகுந்து மூன்று உயர் அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டே தில்லி லால்டெங்காவோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அது முறிந்தது. மறுபடியும் பேசினார்கள்.

1986 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. முன்னணி ஆயுதங்களை ஒப்படைத்து, அரசியல் சாசனத்துக்கு உட்பட்டு நடக்க ஒப்புக்கொண்டது. மிசோரம் தனி மாநிலமானது. மிசோ மக்களின் நிலவுரிமை, சமயம், வழக்காறு ஆகியவற்றைத் தொடும் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் மாநிலச் சட்டமன்றம் ஏற்காமல் அங்கே செல்லாது என்ற பாதுகாப்பும் கிடைத்தது. இதில் என்னை மிகவும் நெகிழச் செய்பவர் அப்போதைய முதலமைச்சர் லால் தன்ஹாவ்லா. தேர்தலில் வென்று வந்த பதவியை லால்டெங்காவுக்கு விட்டுக்கொடுத்து, அவருக்குக் கீழே துணை முதல்வராக அமர்ந்தார். எத்தனை பேருக்கு அந்த மனம் வரும்? 1989 தேர்தலில் முன்னணி தோற்றபோது அது காட்டுக்குத் திரும்பவில்லை. எதிர்க்கட்சியாக இருந்து, 1998இல் வாக்குச்சீட்டாலேயே ஆட்சிக்கு வந்தது.

எல்லாரோடும் பேசிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அந்த இயக்கத்தின் பின்னால் ஒரு மக்கள்கூட்டம் நிற்க வேண்டும். அவர்களுடைய குறையில் ஒரு பகுதியையாவது சட்டத்துக்கு உட்பட்டுத் தீர்க்க வழி இருக்க வேண்டும். ஜெய்ஷிடம் அப்படி எதுவும் இல்லை, மிசோக்களிடம் இருந்தது.

கொல்லப்பட்ட அந்த மூன்று அதிகாரிகளின் வீட்டார் இந்த ஒப்பந்தத்தை எப்படித் தாங்கியிருப்பார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் இல்லை. ஆனால் பேசாமலே இருந்திருந்தால் அதே துயரம் இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும் என்ற கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லியாக வேண்டும், சித்தப்பா. எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்