எதிர் வெளிச்சமும் என் வலக் கண்ணும்

அன்புள்ள ராசன்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. பின்வளவு மாமரம் இந்த முறை பிஞ்சோடு சரி, அணில்களுக்குத்தான் கொண்டாட்டம்.

இனி உன் கண் விஷயம். ரொறன்ரோ டொக்டர், ‘எழுத்துப் பலகையில் எல்லாம் வாசிக்கிறீர்கள், வெண்புரை ஆரம்பம்தான்’ என்று அனுப்பிவிட்டார். உனக்கோ மழை இரவில் எதிரே கார் வந்தால் வீதிக்கோடே தெரிவதில்லை. இரண்டும் உண்மைதான் மச்சான். வெள்ளையில் தடித்த கறுப்பெழுத்து, கண்ணில் அடிக்கிற வெளிச்சம் எதுவும் இல்லாத அறை. அங்கே நீ 6/9 வாசிப்பாய், அதாவது நல்ல கண் 9 மீற்றரில் வாசிப்பதை 6 மீற்றரில். வீதியில் அப்படியா இருக்கிறது?

கண்வில்லைக்குள் இருக்கும் புரதங்கள் வயதோடு திரளத் தொடங்கும், அதுதான் வெண்புரை. உள்ளே வரும் ஒளியில் பெரும்பகுதி நேரே போய் விம்பத்தை உண்டாக்கும். அதனால்தான் எழுத்து தெரிகிறது. மிச்சம் சிதறி விழித்திரை முழுக்க வெள்ளை மூட்டமாகப் படியும். தூசி பிடித்த பஸ் கண்ணாடி நிழலில் ஒன்றும் செய்யாது, வெயிலுக்கு நேரே திரும்பினால்தான் குணத்தைக் காட்டும் அல்லவா? கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கோர்னியாவும் விழித்திரையும்கூடக் கொஞ்சம் சிதறடிக்கும். நம்முடைய கறுத்த கண்மணிக்கு அந்தத் தொல்லை நீலக் கண்காரரைவிடக் குறைவு. ஆனாலும் இளவயதோடு பார்த்தால், வெண்புரை இல்லாத கண்ணிலேயே இந்தச் சிதறல் 65 வயதளவில் இரட்டிப்பாகும், 77 அளவில் மும்மடங்காகும். நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம்.

எனக்கு இடக் கண்ணில் வெண்புரையை எடுத்துப் புது வில்லை வைத்தாயிற்று, வலக் கண் இன்னும் பழையது. பௌதிகம் படிப்பித்தவனுக்கு இதைவிட நல்ல ஆய்வுகூடம் கிடைக்குமா? போன கிழமை பின்னேரம் வேலணைக்குப் போனோம். மகன் ஓட்ட, நான் பக்கத்தில். பண்ணைப் பாலத்தில் சூரியன் முகத்துக்கு நேரே, இரண்டு பக்கமும் கடல்நீர் பளபளக்கிறது. இடக் கண்ணைப் பொத்தினேன். மீன் பிடிக்கக் கடலில் நட்ட களங்கண்டித் தடிகள் காணாமற் போயின, எதிரே சைக்கிளில் வந்த ஆளும் வெள்ளைக்குள் கரைந்துபோனார். பெருவிரலை நீட்டிச் சூரியனை மறைத்தேன். உடனே ஆள் வந்துவிட்டார், ஹாண்டிலில் தொங்கிய மீன்பை உட்பட! மூட்டம் வெளியே காற்றில் இருந்திருந்தால் என் விரல் அதை நீக்கியிருக்குமா? கண்ணுக்குள் இருந்தபடியால்தான் போனது. இடக் கண்ணால் பார்த்தபோது விரலே தேவைப்படவில்லை. நீ இதைச் சூரியனில் செய்து பாராதே, தெருவிளக்கு போதும்.

அடுத்த முறை டொக்டரிடம் ‘மங்கல்’ என்று மட்டும் சொல்லாதே. எதிர் வெளிச்சத்தில் என்ன மறைகிறது என்று சொல். வில்லையின் பின்பக்கத்தில் வரும் வெண்புரை பலகையில் அவ்வளவு பிடிபடாமலே வெளிச்சத்தில் வாட்டும். ஒளிச்சிதறலை அளக்க சி-குவான்ட் என்றொரு கருவி உண்டு. மினுங்கும் வளையத்தைக் காட்டி, நடுவட்டத்தின் எந்தப் பாதி கூட மினுங்குகிறது என்று கேட்பார்கள். எல்லா இடத்திலும் இருக்காது. கூச்ச வெளிச்சத்தோடு பலகையை வாசிக்க வைத்தாலும் ஓரளவு விளங்கும்.

வில்லை தெரிவு செய்யும்போது கவனம். தூரம், கிட்ட இரண்டும் கண்ணாடியில்லாமல் தெரியும் என்று பலகுவிய வில்லையைப் புகழ்வார்கள். அது ஒளியைப் பங்கு போடுகிறது, இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். இரவில் கார் ஓட்டுகிற உனக்கு ஒரு குவியம் போதும் என்பதே என் எண்ணம். வாசிக்கத்தான் கண்ணாடி இருக்கிறதே. அப்புறம், மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி மூட்டம் தட்டினால் பயப்படாதே. புது வில்லைக்குப் பின்னாலுள்ள மெல்லிய பை, பழைய வில்லையின் உறை, மங்கியிருக்கும், யாக் லேசரால் சில நிமிடங்களில் துளையிட்டு விடுவார்கள்.

வலக் கண்ணுக்கு நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகுதான் திகதி கேட்டிருக்கிறேன். அந்த 25 நாள் புழுதிக்கும் கற்பூரப் புகைக்கும் நடுவில் வெட்டின ஈரம் காயாத கண்ணோடு போக மனைவி விடமாட்டாள், போகாமல் இருக்க என்னாலும் ஏலாது. நீ தேருக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது, மேலறையைத் துப்புரவாக்கி வைக்கவேண்டும்.

அன்புடன்,
குமார்