‘வெர்டிகோ’ டிஸ்க் அட்டை வாசகம் குறித்த புகார்

அனுப்புநர்
பழைய படங்கள் பார்க்கும் ரசிகர்கள் சிலர்,
காரைக்குடி.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: அட்டை வாசகத்தைத் திருத்தவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா,

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1958இல் இயக்கிய ‘வெர்டிகோ’ ப்ளூ-ரே அட்டையில் “கடைசி நிமிடம் வரை அவிழாத மர்மம்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது தவறு. கதையில், உயரத்துக்கு அஞ்சும் முன்னாள் துப்பறிவாளர் ஸ்காட்டி, நண்பர் எல்ஸ்டரின் மனைவி மேடலினைப் பின்தொடர்கிறார்; அவள் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு, அவளைப் போலவே இருக்கும் ஜூடியைச் சந்திக்கிறார். 128 நிமிடப் படத்தில் அரை மணி நேரம் மிச்சமிருக்கும்போதே, ஜூடி எழுதும் கடிதத்தில் கொலை செய்தது யார், எப்படி என்று எல்லாம் வெளியாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, டிஸ்க்கின் காட்சிப் பட்டியலில் அந்தப் பகுதிக்கு ‘ஜூடியே மேடலின்’ என்று தலைப்பு! செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்றால் வாசல் வாசலாகப் பின்கட்டு வரை நேரே தெரியும். வீட்டுக்கு அது அழகு, மர்மப் படத்துக்கு ஆகாது.

ரகசியத்தை முன்பே சொல்லிவிட்டுப் பார்வையாளரைத் தவிக்கவிடுவதுதான் ஹிட்ச்காக்கின் பாணி என்று நீங்கள் பதில் எழுதக்கூடும். அந்தப் பாணி பலிக்க வேண்டுமானால் யாருக்காவது ஆபத்து நெருங்க வேண்டும். இங்கே கடிதத்துக்குப் பிறகு நெடுநேரம் நடப்பது, ஜூடியை மேடலின் போல ஆக்க ஸ்காட்டி சாம்பல் நிற உடை தேடுவதும் கூந்தல் நிறத்தை மாற்றுவதும்தான்.

கதைக்கட்டும் தளர்வு. உயரத்துக்கு அஞ்சும் ஸ்காட்டி கோபுரத்தில் இன்னும் சில படி ஏறியிருந்தால், மனைவியைக் கொன்று தற்கொலையாகக் காட்டும் எல்ஸ்டரின் திட்டமே பாழ். விழுந்த பெண், அதாவது எல்ஸ்டரின் உண்மையான மனைவி, முன்பே கழுத்து முறிந்து இறந்தவள். மரண விசாரணையில் ஒருவரும் அதைக் கேட்பதில்லை. எல்ஸ்டரும் ஜூடியும் கோபுரத்தில் ஒளிந்திருந்து பிறகு நழுவியதாக ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் கூரை விளிம்பில் தொங்கிய ஸ்காட்டி எப்படி இறங்கினார் என்பதற்கு அந்த ஒரு வரிகூட இல்லை.

பெர்னார்ட் ஹெர்மனின் இசையிலும், கேமராவைப் பின்னுக்கு நகர்த்தியபடி ஜூம் செய்து தலைசுற்றலைக் காட்டிய உத்தியிலும் குறையே இல்லை. 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ திரைப்பட இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் இது முதலிடம் பெற்றதும் தெரியும். ஆனாலும் மர்மப் படமாக இது எங்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் ஸ்டுடியோ நடத்திய ஏ.வி.எம். 1954இல் தயாரித்து எஸ்.பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’, பாட்டே இல்லாமல் கொலையாளியை முடிவு வரை மறைத்துவைத்தது. உங்கள் அட்டை வாசகம் அதற்குத்தான் பொருந்தும்.

ஆகவே அடுத்த அச்சில் அந்த வாசகத்தை நீக்குங்கள். “ஒரு மனிதனின் பித்து” என்று போட்டால் சரியாக இருக்கும். காட்சிப் பட்டியலில் தலைப்புகளுக்குப் பதில் எண்கள் மட்டும் போதும். டிஸ்க்கையும் ரசீது நகலையும் இத்துடன் அனுப்பியுள்ளோம். முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ரசிகர்கள், காரைக்குடி