தலைவர்களின் பழைய படங்களைக் குப்பையில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பழைய லயங்களை, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளை, விட்டுத் தனிவீடுகளுக்குச் சனம் போய்க்கொண்டிருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் காம்பிரா என்கிற லய அறைகளின் சுவரில் தொங்கிய பழைய படங்கள் சாமான்களோடு போவதில்லை. போன மாதம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கண்ணாடி உடைந்து கிடந்தது கோ. நடேசய்யரின் படம்.

1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தவர். 1936இல் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கு ஹட்டனிலிருந்து தெரிவானவர். அந்தப் படத்தில் கோட்டுக் கழுத்தைப் பூஞ்சணம் தின்றிருக்கிறது. கண்கள் மட்டும் தெளிவு. கண்ணாடி போன பிறகும் யாரோ நெற்றியில் குங்குமம் வைத்து வந்திருக்கிறார்கள். பின்னால் பென்சிலில் ‘அய்யர் வந்த அன்று’ என்று ஒரே ஒரு வரி. எந்த அன்று? சொல்ல இப்போது ஆளில்லை.

முப்பது வருடமாக இப்படிப் படங்களைச் சேர்த்து வருகிறேன். பாதிக்கு மேல் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போனவர்கள் பக்கத்துக் காம்பிராவில் கொடுத்துவிட்டுப் போனவை. காந்தி, நேரு படங்களில் அநேகம் அச்சுப் படங்கள்; பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். புள்ளியே இல்லாமல், இருண்ட இடங்கள் சாய்த்துப் பார்க்கையில் வெள்ளி போல் மினுங்கினால் அது பழைய போட்டோவாகவே இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து லெமினேட் பண்ணாதீர்கள். 1939இல் நேரு இலங்கை வந்தபோது எடுத்த படம் ஒன்றை ஒரு அம்மா எனக்காகவே டவுனில் கொடுத்து லெமினேட் செய்து கொண்டுவந்தார். ஆசையாகச் செய்தது, என்ன சொல்வது? சூட்டில் ஒட்டியதை இனிப் பிரிக்க முடியாது. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும் உரிக்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் எடுக்கலாம். அடுப்புப் பக்கமும் ஈரச் சுவரும் ஆகாது. அப்புறம், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, யார், எங்கே, எப்போது என்று பின்பக்கம் மெல்லப் பென்சிலால் எழுதி வையுங்கள்.

உங்கள் பத்திரிகை வாரம் ஒரு பழைய படத்துக்கு இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவதாக ஒரு பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்தக் காலத்துக் கூட்டம் ஒன்றில் எடுத்த படம் இது. அந்த ஏழு பேரில் சௌமியமூர்த்தி தொண்டமானையும் சி.வி. வேலுப்பிள்ளையையும் எனக்குத் தெரிகிறது. பின்வரிசையில் தலைப்பாகையோடு நிற்கும் மூவரும் யாருடைய தாத்தாமார்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பொகவந்தலாவை.