மழைக்கு ஒதுங்கியபோது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து குடும்பத்தோடு தஞ்சாவூர் போயிருந்தோம். பெரிய கோயிலைப் பார்த்து முடிப்பதற்குள் அடைமழை. சரி, அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒதுங்கலாம் என்று போனோம். அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், 1011-ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார். அதில் பாம்பு நெளிகிறது. காளைமேல் சாய்த்த கை அப்படியே இருக்கிறது, காளைதான் இல்லை. “மாடு எங்கே பாட்டி?” என்று கேட்ட பேத்தி, அந்தக் கைக்குக் கீழே வெறும் காற்றைத் தடவிக் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் கோயிலோடு திரும்பிவிடுகின்றன. பள்ளிப் பிள்ளைகளையாவது கலைக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் அழைத்துப் போங்கள். உட்கார்ந்து வரைய ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஒரு வாசகி,
பொள்ளாச்சி