மூன்று சுவிட்ச் சரி, மூன்று டிம்மர் வேண்டாம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பேரன் வந்திருந்தான். வீட்டில் இருக்கிற சுவிட்சையெல்லாம் போட்டுப் போட்டு அணைப்பது அவன் வேலை, அவன் பின்னால் ஓடுவது என் வேலை. உன் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹால் சீலிங்கில் ஆறு எல்இடி விளக்கு. வாசல் பக்கம், மாடிப்படிக்கு அடியில், படுக்கையறைக் கதவுக்குப் பக்கத்தில் என்று மூன்று இடத்தில் சுவிட்ச். "மூன்றிலும் டிம்மர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது" என்று, ஒளியைக் கூட்டிக் குறைக்கிற சுவிட்சைச் சொல்லி எழுதியிருந்தாய். அப்படிச் செய்துவிடாதே.

நான் செய்து பார்த்தவன். எங்கள் வீட்டில் இரண்டு முனையிலும் டிம்மர் மாட்டினேன். ஒன்றை முழுதாகத் திருகி வைத்தால் மற்றது ஒருமாதிரி ஒழுங்காக இருந்தது. இரண்டையும் பாதியில் வைத்தேனோ இல்லையோ, ஆறு விளக்கும் படபடவென்று துடித்தன. சுவரில் காதை வைத்தால் வண்டு சுற்றுகிற மாதிரி ரீங்காரம். சுவிட்ச் தட்டைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாகச் சுட்டது.

டிம்மர் கரண்டைக் குழாய்த் தண்ணீர் மாதிரி குறைப்பதில்லை. மின்சாரத்தின் அலையை வெட்டுகிறது. நொடிக்கு 50 சுழற்சி உள்ள கரண்டில் 100 அரை அலைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை விட்டு மிச்சத்தை அனுப்பும். எங்கே வெட்டுவது என்பதை அலை பூஜ்யத்தைத் தொடுகிற இடத்திலிருந்து கணக்கிடும். நான் மாட்டியபடி கரண்ட் முதல் டிம்மரைத் தாண்டித்தான் இரண்டாவதுக்குப் போனது. ஏற்கெனவே கத்தரித்த துணியை முழுத்துணி என்று நினைத்து அளவெடுக்கிற தையல்காரர் கதைதான்.

மூன்று இடத்திலிருந்து போட்டு அணைக்க வேண்டும், ஒளியைக் கூட்டிக் குறைப்பது ஓர் இடத்தில் போதும் என்றால் எளிது. ஒரு முனையில் டூ-வே இணைப்புள்ள டிம்மர், மறுமுனையில் சாதாரண டூ-வே சுவிட்ச், நடுவில் இன்டர்மீடியட் சுவிட்ச். டூ-வே என்றால் மூன்று முனை: காமன் என்கிற பொது முனை மற்ற இரண்டில் ஏதாவது ஒன்றோடு சேரும். ஃபேஸ், அதாவது கரண்ட் வருகிற வயர், ஒரு முனையின் காமனுக்குப் போகும், மறுமுனையின் காமனிலிருந்து விளக்குக்கு. நடுவே இரண்டு வயர் ஓடும். இன்டர்மீடியட்டுக்கு நான்கு முனை. அந்த இரண்டு வயரையும் நேராக விடும், அல்லது குறுக்கே மாற்றிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர் எந்த சுவிட்சையும் தொடாமல் நேரே விளக்குக்குப் போகட்டும்.

ஒரு வயரை மிச்சம் பிடிக்கிறேன் என்று சிலர் ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு சுவிட்சிலும் கொடுத்து, காமன்களிலிருந்து விளக்குக்கு எடுப்பார்கள். விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரின் இரண்டு முனையிலும் ஃபேஸ் இருக்க வாய்ப்புண்டு. பழைய வயரிங்கில் இது இருந்தால் பிரித்து எறி. டிம்மரை அதில் மாட்டவே கூடாது.

தங்கச்சி மூன்று இடத்திலும் ஒளியைக் குறைக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னால், புஷ் பட்டன் டிம்மர் மாட்யூல் வாங்கு. மாட்யூல் ஒன்றுதான். சுவரில் காலிங் பெல் பட்டன் போல அழுத்தினால் திரும்பி வருகிற சுவிட்சுகளை, எத்தனை வேண்டுமோ அத்தனை, ஒன்றோடொன்று இணையாக இணைத்துக்கொள்ளலாம். தட்டினால் எரியும், இன்னொரு தட்டில் அணையும். அழுத்திப் பிடித்தால் கூடும் அல்லது குறையும். உன் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சுவர் இன்னும் பூசவில்லை, வயர் இழுப்பது சுலபம். மாட்யூலுக்கு நியூட்ரல் தேவையா, பட்டன் வயர் எந்த முனைக்கு என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். கூடவே வரும் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே. மாட்யூலைக் கை எட்டாத இடத்தில் புதைக்கவும் வேண்டாம்.

விளக்கிலும் நான் ஒரு தப்புச் செய்தேன். ஆறு விளக்கு, ஒன்று 7 வாட், மொத்தமே 42. என் பழைய டிம்மரின் முதுகில் 60 முதல் 400 வாட் என்று போட்டிருந்தது. அது குண்டு பல்பு காலத்து ஆள். 42 வாட் அதற்குப் பத்தவில்லை. அதனால் ஒரே ஒரு டிம்மரை வைத்தபோதும், குறைந்த ஒளியில் துடிப்பு நிற்கவில்லை. எல்இடிக்கென்றே வருகிற, அலையின் வால்பகுதியை வெட்டும் டிரெயிலிங் எட்ஜ் டிம்மரை மாட்டிய பிறகுதான் அடங்கியது. விளக்கிலோ, அதற்குக் கரண்ட் கொடுக்கிற டிரைவர் பெட்டியிலோ 'டிம்மபிள்' என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆறும் ஒரே மாடலாக வாங்கு. குறைந்தபட்ச ஒளியை நிர்ணயிக்க டிம்மரில் ஒரு சின்ன திருகு இருந்தால், கீழே போகும்போது விளக்கு துடிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்து.

அணைத்த பிறகும் இருட்டில் விளக்கு மங்கலாக மினுங்கினால் பயப்படாதே. நீளமான வயர்கள் ஒட்டி ஓடும்போது கொஞ்சம் கரண்ட் தாவும். எல்இடிக்கு அதுவே போதும். விளக்குக்கு இணையாக மாட்டுகிற பைபாஸ் என்ற சின்ன உருப்படி அதைச் சரிசெய்யும்.

பழைய சுவிட்சைக் கழற்றுமுன் காமனில் இருக்கிற வயரில் ஒரு துண்டு சிவப்பு டேப் சுற்றி, போட்டோவும் எடுத்துக்கொள். நான் டேப் சுற்ற மறந்து, நிறத்தை நம்பி, ஒரு மாலை முழுக்க மூன்று வயரை மாற்றி மாற்றி மாட்டினேன். மாடிப்படிக்கு அடியில் உள்ள பாக்ஸில் மாடிக்கு ஒரு எம்சிபி (தானாகக் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்), கீழ்த்தளத்துக்கு வேறொரு எம்சிபி என்று இரண்டு லைனும் வந்திருக்கக்கூடும். அதனால் மெயினையே அணைத்துவிடு. டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதே. கரண்ட் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் மீட்டரை வைத்துப் பார், அப்புறம் நீ கை வைக்கப்போகிற வயரில், அப்புறம் மறுபடி அந்த முதல் இடத்தில்.

இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடு என்று சொன்னால் நீ கேட்கமாட்டாய், தெரியும். மாட்டிய பிறகு மெயின் போடுமுன் ஒருமுறையாவது அவர் வந்து பார்க்கட்டும். இப்போதைக்கு மூன்று பாக்ஸுக்கும் எந்தப் பைப் எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து அனுப்பு. பேரன் அடுத்த விடுமுறைக்கு வருவதற்குள் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்