கொம்பு முன்னாலா, பின்னாலா?

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்,

உங்கள் ஏஐ மாடல் படித்துப் பழக என் பிரஸ்ஸின் பழைய ஃபைல்களைத் தர முடியுமா என்று முந்தாநாள் போனில் நீ கேட்டதற்கு "பார்க்கலாம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அடுப்படியில் இருந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்த உன் அம்மா, "பிள்ளை ஆசையாக ஒன்று கேட்கிறது, இப்படியா மொட்டையாகப் பதில் சொல்வது" என்று இரண்டு நாளாகத் திட்டுகிறாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நடுநடுவே நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், எனக்கு விட்ட இடம் மறந்துபோகும்.

பரணில் இருந்த மூன்று அட்டைப்பெட்டிகளையும் இறக்கிவிட்டேன். ஃப்ளாப்பி இருநூற்றுச் சொச்சம், சிடி அறுபது எழுபது இருக்கும். பாதி சிடியில் பூஞ்சை பூத்திருக்கிறது. ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்க்க டிரைவ் இல்லை. நல்ல சிடி ஒன்றைத் துடைத்து, கடை மூலையில் கிடக்கும் பழைய எக்ஸ்பி மெஷினில் போட்டேன். 2004 மகாமகத்துக்கு அடித்த நோட்டீஸ் வந்தது. பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளில் நேற்று செய்த மாதிரி பளிச்சென்று இருந்தது. சரி, நீ சொன்னபடி எழுத்தை மட்டும் எடுத்து நோட்பேடில் ஒட்டினேன்.

'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். பக்கம் முழுக்க இப்படித்தான். பாமினி ஃபாண்டை மாட்டினால் தமிழ், கழற்றினால் பூனை நடந்த கீபோர்டு.

இதுதான் உனக்கு நான் அனுப்பப்போகும் சொத்து. உங்கள் மாடலுக்குச் சாப்பாடு போதவில்லை, இன்டர்நெட்டில் தமிழ் குறைவு, அச்சகங்களில்தான் முடங்கிக் கிடக்கிறது என்று சொன்னாயே, நீ சொன்னது வாஸ்தவம். ஆனால் அது சமைத்த சாப்பாடு இல்லை, நெல். குத்த வேண்டும், புடைக்க வேண்டும், கல் பொறுக்க வேண்டும். இது எப்படி இப்படி ஆனது என்று உனக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கல்லோடு சேர்த்து அரைத்துவிடுவீர்கள்.

நான் 1983-இல் கம்போசிங்கில் சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. இடது கையில் ஸ்டிக் என்கிற அடுக்கும் தட்டு, வலது கையால் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்தைப் பொறுக்கி அடுக்க வேண்டும். ஆங்கில கேஸில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் சேர்த்தால் 52. தமிழில் கு, கூ வரிசைக்கு மட்டுமே 36 தனி எழுத்து. 1978-இல் அரசாணை வந்து 13 எழுத்துகளை மாற்றியிருந்தாலும், பழைய தும்பிக்கை 'லை'யும் 'னை'யும் கேஸின் ஓரத்தில் தூசி படிந்து கிடந்தன. 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கண்ணுக்கு எந்த வரிசையில் தெரிகிறதோ அந்த வரிசை. கைக்கு அது பழகிவிட்டது.

1995-இல் உன் அம்மாவின் இரண்டு வளையல் போய் ஒரு 486 கம்ப்யூட்டர் வந்தது. பேஜ்மேக்கரில் டைப் செய்யும்போதும் எனக்கு ஒன்றும் மாறவில்லை. அங்கேயும் கொம்பு முதலில், எழுத்து பிறகு, கால் கடைசியில். ஈய எழுத்துக்குப் பதில் ஆங்கிலச் சாவி, அவ்வளவுதான். லேசரில் பட்டர் ஷீட் எடுத்து பிளேட் போட்டால் வேலை முடிந்தது. அச்சில் சரியாக வந்தால் போதும் என்று இருந்தோம். உள்ளே என்ன பதிவாகிறது என்று யார் பார்த்தார்கள்? நானும் பார்க்கவில்லை.

ஒரு ஃபாண்டின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு வரிசை வைத்திருந்தது. அதில் ஒரு கம்பெனி, பேர் வேண்டாம், தன் ஃபாண்டுக்கு ஒரு லாக் கொடுத்தது. சிபியூவுக்குப் பின்னால், பிரிண்டர் வயர் மாட்டுகிற இடத்தில் செருக வேண்டும். அது இல்லாமல் எழுத்து வராது. ஒரு ஐப்பசி மழையில் இடி விழுந்து லாக் புகைந்துபோனது. மாற்றித் தரச் சொல்லலாம் என்று போன் போட்டால் கம்பெனியே இல்லை. நான்கு வருஷ வேலை அந்த ஃபாண்டில் இருந்தது. அதையெல்லாம் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். நீ வாடகைக்கு எடுக்கிற மாடல், மாதக் கட்டணம், கிளவுடு என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த லாக்தான் ஞாபகம் வருகிறது. எதைச் செய்தாலும் மூல எழுத்தை, எல்லா மெஷினுக்கும் பொதுவான யுனிகோடு முறையில், வெறும் ஃபைலாக உன் கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்.

யுனிகோடு 1991-லேயே வந்துவிட்டது, தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். 1999-இல் சென்னையில் தமிழிணையம் மாநாடு போட்டு தமிழ்99 கீபோர்டை முடிவு செய்தார்கள். 2010-இல் தமிழக அரசே யுனிகோடுக்கு ஆணை போட்டது. இவ்வளவுக்கும் நான் அசையவில்லை. சாக்கு இருந்தது: பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காரர்கள் சம்பளமில்லாமல் சங்க இலக்கியத்தை டைப் செய்து, முறை மாறியதும் அதையே யுனிகோடுக்கும் மாற்றி வைத்தார்கள். நாங்கள் காசு வாங்கிக்கொண்டு டைப் செய்ததையெல்லாம் பரணில் போட்டுவிட்டோம்.

இப்போது கொம்புக்கு வருகிறேன். யுனிகோடில் முதலில் க, அதற்குப் பிறகுதான் கொம்பு. திரையில் முன்னால் தெரியும், உள்ளே பின்னால் இருக்கும். வாய் சொல்கிற வரிசை. ஆகவே என் ஃபைலை மாற்றுகிற கன்வர்ட்டர், ஒவ்வொரு கொம்பையும் பிடுங்கிப் பின்னால் நட வேண்டும். பெரும்பாலும் நட்டுவிடும். இடறுகிற இடம் 'ள'. பழைய ஃபாண்டில் 'கௌ'வின் கடைசிப் பகுதிக்கும் 'ள'வுக்கும் ஒரே சாவி. கௌரியா, கெளரியா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? சில கன்வர்ட்டர் தாராளமாக எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிடும். 'வெளியே' என்பது 'வௌியே' ஆகும், 'வெள்ளி' என்பது 'வௌ்ளி' ஆகும். சில ஃபாண்டில் மனுஷன் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இன்னொன்று, 'ர்' போட வேண்டிய இடத்தில் காலைப் போட்டு மேலே புள்ளி வைப்பது. அந்தக் காலத்தில் நானே வைத்திருக்கிறேன், அச்சில் இரண்டும் ஒன்றுதானே! இன்றைக்கும் நெட்டில் இந்த இரண்டும் நிறையக் கிடக்கின்றன, தேடிப் பார். நமக்கு ஒரே சொல், மெஷினுக்கு இரண்டு.

அதனால் நான் சொல்வது: ஃபைலோடு சேர்த்து ஒரு புரூஃப் ரீடரையும் கேள். உங்கள் ஆபீஸில் இன்ஜினியர் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்றாயே, புரூஃப் பார்க்கிறவர் எத்தனை பேர்? இந்த ஊரில் கண் தேய்ந்தவர்கள் நான்கைந்து பேர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்.

மாடல் வாசகத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிற டோக்கன் விஷயம் மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. ஒரு குறிக்கு 3 பைட் வீதம் 15. அதே பேரை ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட்டோடு முடிந்தது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாடல் வந்தபோது ஓப்பன்ஏஐ கம்பெனி கொடுத்த கணக்கை நீதானே அனுப்பினாய்? ஒரே வாசகம், தமிழில் 116 டோக்கனாக இருந்தது 35 ஆகக் குறைந்தது, ஆங்கிலத்தில் 27-லிருந்து 24. குறைந்ததற்குச் சந்தோஷம்தான், இருந்தாலும் இன்னும் 35-க்கு 24. எங்கள் முதலாளியும் தமிழ்ப் பக்கத்துக்குக் கூலி கூட்டித்தான் வாங்கினார், கேஸ் பெரிசு என்று காரணம் சொல்லி. காரணம் மாறாமல் அப்படியே இருக்கிறது பார்.

நீ போனில் ஏற்றிக்கொடுத்த ஏஐ செயலியைச் சும்மா விடவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகை எழுதச் சொன்னேன். நடை சுத்தமாக இருந்தது, ஒற்றுப்பிழைகூட இல்லை, என் கடைப் பையன் இவ்வளவு சுத்தமாக அடிக்க மாட்டான். எல்லாம் வாசித்துக்கொண்டே வந்தால், முகூர்த்தம் ஆடி மாசம்! அதுவும் நல்ல நட்சத்திரம், நல்ல லக்னம் எல்லாம் போட்டு. "ஆடியில் யாரய்யா கல்யாணம் வைக்கிறார்கள்" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மார்கழிக்கு மாற்றியது. உன் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் தோன்றியது. என் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் பத்திரிகை இருக்கிறது, ஒன்றுகூட ஆடியிலோ மார்கழியிலோ இல்லை. அதைப் படித்திருந்தால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடிபட்டிருக்கும். தாய்மாமன் பேர் எங்கே வர வேண்டும், காலமானவர் பேருக்கு முன்னால் என்ன போட வேண்டும், கண்ணீர் அஞ்சலியில் முதல் பேர் யாருடையது, எந்தப் புத்தகத்திலும் இல்லாத இதெல்லாம் அங்கே இருக்கிறது.

அதைத்தான் உனக்குத் தர மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. அது என் எழுத்து இல்லை. பேர், முகவரி, போன் நம்பர், பூப்பு நீராட்டு விழாவென்றால் பெண் குழந்தையின் போட்டோகூட அதே சிடியில் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்த அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு வந்து சொல்லச் சொல்ல நான் அடித்தது. நூறு நோட்டீஸ் வேண்டும் என்றுதான் என்னிடம் கொடுத்தார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்ததையும் நீதான் சொன்னாய். சட்டம் இல்லாவிட்டாலும் பதில் இதுதான். பேரையெல்லாம் மெஷினே அழித்துவிடும் என்பாய். ஆடியில் கல்யாணம் வைத்த மெஷினா? பேர் அழிக்கிற வேலையை என் மெஷினிலேயே, நெட் இல்லாமல் செய்ய முடியும் என்றால் அப்போது யோசிக்கிறேன். சின்ன மாடல்கள் போனுக்குள்ளேயே ஓடும் காலம் வந்துவிட்டது என்றாயே, எனக்கு அதில்தான் நம்பிக்கை.

தரக்கூடியது வேறு இருக்கிறது. இரண்டு மூன்று கோயில் தலபுராணம், ரிட்டையர் ஆன ஒரு தமிழய்யா தன் காசில் போட்ட கவிதைப் புத்தகம், விவசாயிகள் சங்கத்து மலர். தமிழய்யா காலமாகிவிட்டார், மகன் ஊரில்தான் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை போய்க் கேட்கிறேன். "அப்பா எழுதினதை மெஷின் படிக்கப்போகுதா?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் பாதியைப் பேசித்தான் எழுதினேன், தெரியுமா? நன்றாகவே வருகிறது. திருத்தம் பார்க்க முதலில் எடுக்கும் அச்சை "கேலி புரூஃப்" என்போம்; அதைச் சொன்னேன், "கேலிப் பொருள்" என்று போட்டது, மற்றபடி குறை சொல்ல மாட்டேன். சென்னை ஐஐடியில் ஏஐ4பாரத் குழுவினர் 22 மொழிகளில் ஜனங்கள் பேசுவதைப் பதிவு செய்து சேர்க்கிறார்களாமே. தஞ்சாவூர்ப் பக்கம் ஆள் வேண்டுமென்றால் உன் அம்மாவைச் சொல், நிறுத்தத்தான் கஷ்டம்.

ஏஜென்ட் என்று ஏதோ சொன்னாய், தானே மெயில் அனுப்பும், தானே டிக்கெட் போடும், தானே பணம் கட்டும் என்று. கடைக்குப் புதுப் பையன் வந்தால் முதல் நாளே கல்லாச் சாவியைக் கொடுப்போமா? முதலில் டீ வாங்கி வரச் சொல், மீதிச் சில்லறை சரியாக வருகிறதா பார்.

அம்மா மாவடு போட்டிருக்கிறாள். பெட்டியைக் கூரியரில் போட மாட்டேன், வரும்போது நீயே எடுத்துக்கொண்டு போ. யுஎஸ்பியில் மாட்டுகிற ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று வாங்கிக்கொண்டு வா, மூன்றரை அங்குலம்.

இன்னொன்று. எதிர்த்த வீட்டு மாமாவுக்குப் பேரன் குரலிலேயே போன் வந்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பணம் அனுப்பு என்றிருக்கிறது. குரலை அப்படியே நகல் எடுக்கிறார்களாம். நல்லவேளை, பேரன் அப்போது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நாளைக்கு என் குரலில் உன்னிடம் யாராவது பணம் கேட்டால் பதறாதே. ஆறு வயசில் பிரஸ்ஸில் நீ ஒரு கேஸைக் கவிழ்த்தாயே, ராத்திரி முழுக்க உட்கார்ந்து பொறுக்கினோமே, கடைசி வரை கிடைக்காமல் போன எழுத்து எது என்று கேள். பதிலை இங்கே எழுத மாட்டேன்.

அன்புடன்,
அப்பா